ஐஸ் பிளாண்டுக்குக் கம்பெனி தொடங்கலாமா? படகுப் பங்கும் கம்பெனிப் பங்கும் ஒன்றா?

மூத்தவன், தங்கச்சிமடம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு ஒரு விசைப்படகும் ஒரு கருவாட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. அப்பா இருந்தவரை எல்லாம் அவர் பெயரிலும் அவர் சொல்லிலும் நடந்தன. இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். தங்கையின் கணவர் வெளிநாட்டில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு ஊருக்குத் திரும்பியிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்குள் ஓர் ஐஸ் பிளாண்ட் போட்டுவிட்டால், படகுகள் மறுபடி கடலுக்குப் போகும் அன்றே வியாபாரம் தொடங்கிவிடும் என்பது மாப்பிள்ளையின் கணக்கு.

ராமநாதபுரத்தில் நாங்கள் பார்த்த ஆடிட்டர், "பிரைவேட் லிமிடெட் போட்டுவிடுங்கள், பொறுப்பு லிமிடெட்டாக இருக்கும்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் கம்பெனி என்றால் நண்டு எடுக்கிற கம்பெனி, இறால் எடுக்கிற கம்பெனி. அதாவது எடை போட்டு, கழிவு பிடித்து, பணம் கொடுக்கிற இடம். நாங்களே கம்பெனி ஆவது என்பதற்கு என்ன பொருள் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

படகையும் கம்பெனியில் சேர்த்தால் அதன்பிறகு படகு யாருடையது? பிளாண்ட் நட்டப்பட்டால் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஆபத்து வருமா? மாப்பிள்ளை பணம் மட்டும் போடுகிறார், தம்பி இரவும் பகலும் நின்று உழைக்கப் போகிறான் என்னும்போது பங்கை எப்படிப் பிரிப்பது? இவை போக, ஊரில் அறுபது பேர் வரை ஆளுக்கு இருபதாயிரம் போட்டு எங்களோடு சேர விரும்புகிறார்கள். அவர்களைச் சேர்க்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கடலோரக் கணக்கர்

தம்பிக்கு வணக்கம். ராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குழப்பம் கிடக்கிறது. அது 'பங்கு' என்ற சொல்லில் இருக்கிறது.

படகில் பங்கு என்றால் அன்றைய பாட்டில், அதாவது அன்று பிடிபட்ட மீனின் வருமானத்தில், பங்கு. மீனை ஏலம் விட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் படகுக்கு இவ்வளவு, டிரைவருக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். கம்பெனிப் பங்கு அப்படிப்பட்டதன்று. கம்பெனியின் ஐஸ் விற்ற காசில் ஒரு ரூபாயைக்கூடப் பங்குதாரர் என்ற முறையில் நீங்கள் கேட்டு வாங்க முடியாது. லாபம் வந்து, இயக்குநர் குழு பரிந்துரைத்து, பொதுக்கூட்டம் ஒப்புக்கொண்டு பங்காதாயம் அறிவித்தால்தான் உங்களுக்குப் பணம் வரும். அதுவரை லாபம் முழுவதும் கம்பெனியின் பணம். தேயிலைக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஒருவர், தமக்கு வந்த பங்காதாயமும் விவசாய வருமானமே என்று வாதிட்ட வழக்கில், பங்குதாரருக்குக் கம்பெனியின் சொத்தில் எந்த உரிமையும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1955இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏன் அப்படி என்றால், சட்டத்தின் பார்வையில் கம்பெனி ஒரு தனி ஆள். அதற்கு உடம்பு இல்லையே தவிர, பெயர் உண்டு, முகவரி உண்டு, பான் எண் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. அது சொத்து வாங்கும், கடன் படும், வழக்குப் போடும், அதன்மேலும் வழக்குப் போடலாம். இங்கிலாந்தில் பூட்ஸ் தைத்து விற்ற சாலமன் என்பவர் தம் தொழிலை ஒரு கம்பெனிக்கு விற்றார். மொத்தம் 20,007 பங்குகளில் 20,001 அவரிடமும், மீதி ஆறும் மனைவி மக்களிடம் ஆளுக்கு ஒன்றாகவும் இருந்தன. போதாக்குறைக்குக் கம்பெனி தமக்குத் தரவேண்டிய 10,000 பவுண்டுக்குச் சொத்தின்மேல் ஈடு வைத்த கடனீட்டுப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார். கம்பெனி நொடித்தபோது, "இது அவருடைய சொந்தக் கடைதானே, எங்கள் பாக்கிக்கு அவரே பொறுப்பு" என்று கடன்காரர்கள் சார்பில் வழக்காடினார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1897ஆம் ஆண்டின் வழக்காகப் பாடப்புத்தகங்களில் வரும் இந்தத் தீர்ப்பின்மேல்தான் நம் கம்பெனிச் சட்டத்தின் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது.

எனவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: படகைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தபின் படகு கம்பெனியுடையது. உங்களுடையது பங்குப் பத்திரம் மட்டுமே. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வட அயர்லாந்தில் மகாரா என்பவர் தம் தோட்டத்து மரங்களைத் தம்முடைய கம்பெனிக்கே விற்றார். அதற்கு ஈடாகப் பங்குகளைப் பெற்றுக்கொண்டார். ஆனால் காப்பீட்டை மட்டும் தம் சொந்தப் பெயரிலேயே எடுத்திருந்தார். மரங்கள் தீயில் போயின. மரம் உம்முடையதன்று, ஆகவே காப்பீட்டுத் தொகையும் உமக்குக் கிடையாது என்று 1925இல் தீர்ப்பாயிற்று. படகைக் கம்பெனிக்கு மாற்றிவிட்டு இன்ஷூரன்ஸை அப்பா பெயரிலோ உங்கள் பெயரிலோ தொடர்ந்து கட்டி வருகிறவர்கள் நம் கரையிலும் இருப்பார்கள் என்பதால் இதை நீட்டிச் சொல்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், படகைக் கம்பெனிக்குள் கொண்டுவர வேண்டாம். மீன்வளத் துறைப் பதிவு, மானிய டீசல், தடைக்கால நிவாரணம் எல்லாம் ஆளையும் படகையும் சேர்த்துப் பார்த்துத் தரப்படுகின்றன. ஐஸ் பிளாண்ட் தனியாக இருக்கட்டும். படகு அங்கே காசு கொடுத்து ஐஸ் வாங்கட்டும்.

விசைப்படகு, பாம்பன்

கணக்கர் அண்ணன் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் மூன்று பேர் நம்பிக்கையோடு சேர்ந்து செய்யும் தொழிலுக்கு இவ்வளவு சுமை எதற்கு என்பது என் கேள்வி. எங்கள் தாத்தா காலத்தில் இரண்டு சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) வெற்றிலையில் காசு வைத்துப் பேசி முடித்தால் அதுதான் ஒப்பந்தம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் சித்தப்பா மகனும் சில ஆண்டுகளுக்கு முன்பு கருவாடு ஏற்றுமதிக்கென்று ஒரு பிரைவேட் லிமிடெட் பதிவு செய்தோம். பதிவு செய்து கொடுத்தவர் சான்றிதழை பிரேம் போட்டுக் கொடுத்தார், படமும் எடுத்துக்கொண்டோம். ஏற்றுமதி நடக்கவில்லை. நடக்காத தொழிலுக்குக் கணக்கு எதற்கு என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஆண்டுதோறும் தாக்கல் செய்யவேண்டிய படிவங்கள் இரண்டு உண்டு என்றும், ஒவ்வொன்றுக்கும் தாமதமாகும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும் என்றும், பதிவு செய்து கொடுத்தவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இரண்டு படிவத்துக்கும் சேர்த்து ஓர் ஆண்டுக்கு 73,000 ரூபாய். ஒரு கிலோ கருவாடு விற்காத கம்பெனிக்கு இது. சான்றிதழ் இன்னும் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. உப்புக்காற்றில் ஓரம் பழுத்துவிட்டது.

கடலோரக் கணக்கர்

உங்கள் வருத்தம் நியாயமானது. இதே கதையை மாதம் ஒருமுறையாவது எங்கள் அலுவலகத்தில் கேட்கிறேன். கம்பெனிகள் சட்டம் 2013இன்படி, வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் நிதிநிலை அறிக்கையும் 60 நாளுக்குள் ஆண்டு விவர அறிக்கையும் கம்பெனிப் பதிவாளருக்குப் போயாக வேண்டும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் போகாவிட்டால் அதன் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநராக முடியாது. 2017இல் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டபோது, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் இப்படித் தகுதி இழந்தார்கள். அவர்களில் மோசடிக்காரர்களும் இருந்தார்கள், உங்களைப்போல் ஒன்றும் அறியாதவர்களும் இருந்தார்கள். நடக்காத கம்பெனியைப் பெயர்நீக்கத்துக்கு நீங்களே விண்ணப்பித்து மூடிவிடுவது, சும்மா போட்டு வைப்பதைவிட எப்போதும் மலிவு.

ஆனால் வெற்றிலை ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு மறுபக்கம் உண்டு. இரண்டு பேர் லாபத்தைப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டு சேர்ந்து தொழில் செய்தாலே, எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டாண்மை ஆகிவிடுகிறது. அதில் ஒரு கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரின் நகை, நிலம், வீடு வரை பொறுப்பு. ஒருவர் இறந்தால், வேறு ஏற்பாடு எழுதி வைத்திராவிட்டால், கூட்டாண்மையே கலைந்துவிடும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யாத கூட்டாண்மை, தனக்கு ஐஸ் பாக்கி வைத்த வெளியாளின்மேல் ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது. ஆனால் அந்த வெளியாள் இவர்கள்மேல் போடலாம். (தமிழில் இருவரையும் 'பங்குதாரர்' என்றே எழுதுகிறோம். நான் கூட்டாண்மையில் இருப்பவரைக் கூட்டாளி என்றும் கம்பெனியில் இருப்பவரைப் பங்குதாரர் என்றும் பிரித்தே எழுதுவேன். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.)

இரண்டுக்கும் இடையில் எல்.எல்.பி. (வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்ற வடிவம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பொறுப்பு கம்பெனியைப்போல வரம்புக்குட்பட்டது, உள்விவகாரம் கூட்டாண்மையைப்போல ஒப்பந்தப்படி நடப்பது. ஆண்டு விற்பனை 40 லட்சமும் முதலீடு 25 லட்சமும் தாண்டாதவரை கட்டாயத் தணிக்கையும் இல்லை. ஐஸ் பிளாண்டுக்கு இந்த வரம்பு முதல் ஆண்டே தாண்டிவிடும் என்பதால் அந்தச் சலுகையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மூத்தவன், தங்கச்சிமடம்

நன்றி அண்ணன். படகை வெளியே வைப்பது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். தம்பியின் விஷயம் இன்னும் தீரவில்லை. "நான் அம்மோனியா நெடியில் நிற்பேன், மாப்பிள்ளை நிழலில் உட்கார்ந்து பாதியை வாங்குவாரா" என்று நேற்று இரவு சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிட்டான். வீட்டுக்கு ஆபத்து வருமா என்ற கேள்விக்கும் நேரடிப் பதில் கிடைத்தால் நல்லது.

கறுப்புக் கோட்டு, ராமநாதபுரம்

வழக்கறிஞர் என்ற முறையில் இரண்டையும் சொல்கிறேன்.

தம்பி கேட்பது உழைப்பின் கூலி. மாப்பிள்ளை எதிர்பார்ப்பது முதலின் வருமானம். படகுப் பங்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன; கம்பெனியில் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்பதே அதன் பெரிய வசதி. தம்பி கம்பெனியின் ஊழியராகவோ நிர்வாக இயக்குநராகவோ மாதச் சம்பளம் வாங்கட்டும். அது செலவாகக் கணக்கில் போய்விடும். அதன்பிறகு மிஞ்சும் லாபத்துக்குத்தான் பங்காதாயம். தன் கம்பெனியில் தானே சம்பளக்காரனாக இருக்க முடியுமா என்று ஐயம் வரலாம். நியூசிலாந்தில் விமானத்திலிருந்து வயலுக்கு உரம் தூவும் கம்பெனி ஒன்றை நடத்திய லீ என்பவர், ஏறக்குறைய எல்லாப் பங்கும் தம்முடையதாக இருந்தும், அதே கம்பெனியின் விமானியாகவும் வேலை பார்த்தார். 1956இல் விமானம் விழுந்து இறந்தார். அவர் கம்பெனியின் தொழிலாளியே என்றும், மனைவிக்கு இழப்பீடு உண்டு என்றும் லண்டனில் மேல்முறையீடுகளை விசாரித்த பிரிவி கவுன்சில் 1960இல் தீர்ப்பளித்தது.

வீட்டு விஷயத்தில் ஆடிட்டர் சொன்ன ஒரு வரியை நம்பி உறங்கிவிடாதீர்கள். 'லிமிடெட்' என்பது, பங்குக்கென்று நீங்கள் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் கம்பெனியின் கடனுக்காக உங்களைத் தேடி வரமாட்டார்கள் என்பதைக் குறிக்கிறது. ஐஸ் கேன் கொடுத்தவருக்கும் கம்ப்ரசர் பழுதுபார்த்தவருக்கும் இது பொருந்தும். வங்கிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஏனென்றால் புதிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் எந்த வங்கி மேலாளரும் இயக்குநர்களின் சொந்த ஜாமீனை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடமாட்டார், பல நேரங்களில் வீட்டுப் பத்திரத்தையும் கேட்பார். சட்டம் கட்டிக் கொடுத்த வேலியை நீங்களே ஒரு கையெழுத்தில் திறந்துவிடுகிறீர்கள். கம்பெனி திவால் நடவடிக்கையில், அதன்மேலான கடன் வசூலை நிறுத்தி வைக்கும் பாதுகாப்பில் இருக்கும்போதுகூட, ஜாமீன் கொடுத்தவர்மேல் வங்கி தனியாகப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. ஆகவே கடனைப் பேசும்போது, இயந்திரத்தையும் பிளாண்ட் நிற்கும் இடத்தையும் மட்டும் ஈடாக வைத்து, குடியிருக்கும் வீட்டை வெளியே நிறுத்த முடியுமா என்று அடித்துப் பேசுங்கள். கடன் தொகையைக் குறைத்தாவது இதைச் செய்வது நல்லது.

ஜாமீன் இல்லாமலே இயக்குநரைத் தொடும் இடங்களும் உண்டு. கம்பெனியின் செக் பணமில்லாமல் திரும்பினால், அப்போது தொழிலின் பொறுப்பிலிருந்த இயக்குநர்மேல் குற்றவழக்கு வரும். கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத வருமான வரியைப் பிரைவேட் கம்பெனியின் இயக்குநரிடம் கேட்கலாம்; தம்முடைய பெரும் அலட்சியத்தால் அது நேரவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அம்மோனியா கசிந்து ஆளுக்குக் கேடு வந்தால், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டம் இயக்குநர்களில் ஒருவரையே பொறுப்பாளராக நிறுத்தும். கடன்காரர்களை ஏமாற்றுவதற்கென்றே கம்பெனியை நடத்தியிருந்தால், முகத்திரையை விலக்கி உள்ளே இருக்கும் ஆளைப் பார்க்க நீதிமன்றம் தயங்காது.

மூவர் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்கைப் பிரிக்கும்போது, பணத்தை மட்டும் பார்க்காமல் வாக்கையும் பாருங்கள். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் போதும். நடைமுறை விதிகளை (கம்பெனியின் உள்நிர்வாகம் எப்படி நடக்கும் என்று எழுதிப் பதிவு செய்யும் விதிகள்) திருத்துவது போன்ற சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வாக்கு வேண்டும். அதாவது காலுக்கு மேல் வைத்திருப்பவர் அவற்றைத் தடுத்து நிறுத்த முடியும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பாதி, மாப்பிள்ளை பாதி என்று வைத்தால், சண்டை வந்த நாளில் கம்பெனி அசையாமல் நின்றுவிடும். பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கூடச் சிறுபான்மையை நசுக்குகிறார்கள் என்று கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவர் விலக விரும்பினால் பங்கை முதலில் யாருக்குக் காட்ட வேண்டும், விலையை யார் மதிப்பிடுவது என்பவற்றை நடைமுறை விதிகளிலேயே எழுதிவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே ஒட்டிப் பதிவு செய்கிறார்கள். குடும்பச் சண்டைக்கு மருந்து அந்த மாதிரியில் இருக்காது.

நாமினி போட்டுவிட்டால் பங்கு அவருக்கே சொந்தம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமினி பெற்று வைத்திருப்பவரே தவிர வாரிசு அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. உயில் எழுதாமல் நாமினியை மட்டும் எழுதுவது பாதி வேலை.

காக்கா, கீழக்கரை

கம்பெனி என்ற வடிவம் நம் கரைக்குப் புதிதன்று என்பதை நினைவூட்டவே இதை எழுதுகிறேன். வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில், 1882ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்யப்பட்ட கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதன் தலைவராக இருந்தவர் நம் ராமநாதபுரத்து மண்ணின் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். வ.உ.சி. வகித்த பதவி உதவிச் செயலாளர் மட்டுமே. மேடையில் அவர் பெயர்தான் ஒலித்தது என்றாலும், கப்பல்கள் அவருடையவை அல்ல, கம்பெனியுடையவை. 1908இல் அவர் சிறைக்குப் போனபோது சட்டப்படி கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடத்த ஆள் இல்லாமல், போட்டியைத் தாங்க முடியாமல், 1911இல் கலைக்கப்பட்டது. அவர் 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. உறுப்பினர்கள் வருவார்கள், போவார்கள், கம்பெனிக்குச் சாவில்லை என்று பாடத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு செய்தி. கம்பெனி எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதைத் தாண்டிச் செலவழிக்கக் கூடாது. ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் பங்குதாரர்கள் கூட்டம் போட்டு, ஒரு நினைவு அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்கத் தீர்மானித்தார்கள். காப்பீட்டுத் தொழில் தேசியமயமானபின் எல்.ஐ.சி. அதைத் திருப்பிக் கேட்டது. நல்ல காரியமே என்றாலும் கம்பெனியின் நோக்கத்துக்கு வெளியே இருந்ததால் அந்தக் கொடை செல்லாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லட்சுமணசாமி முதலியார் வழக்கு என்று பெயர். கந்தூரிக்கும் கொடைவிழாவுக்கும் கம்பெனிக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சொந்தப் பங்காதாயத்தை வாங்கி, அதிலிருந்து கொடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

பாசிக்காரி, சின்னப்பாலம்

ஊரார் அறுபது பேரைப் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன், அண்ணன். நாங்கள் கடற்பாசி எடுக்கும் பெண்கள். குழுவாக இருந்து, பிறகு உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிவு செய்தோம். முதலில் எனக்குப் பிடித்தது அதன் வாக்குமுறைதான். தனிநபர்கள் மட்டும் உறுப்பினராக இருக்கும் உற்பத்தியாளர் கம்பெனியில், பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம்; உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. ஐந்து முதல் பதினைந்து வரை இயக்குநர்கள், முழுநேரத் தலைமை நிர்வாகி ஒருவர் என்று சட்டம் கேட்கிறது. அந்த நிர்வாகியின் சம்பளம்தான் எங்களுக்குப் பெரிய பாரம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாசியைக் கொடுத்த அன்று விலையில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, நிறுத்தி வைத்த மீதியைப் பிறகு கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அவரவர் கொடுத்த சரக்கின் அளவுக்கேற்ப ஆண்டு முடிவில் ஊக்கத்தொகையும் பிரித்துக் கொடுக்கலாம். படகுப் பங்குக்கு மிக நெருக்கமாக வரும் கம்பெனி வடிவம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உறுப்பினர் உற்பத்தியாளராக இருந்தாக வேண்டும். பணம் மட்டும் போடும் உங்கள் மாப்பிள்ளைக்கு இதில் இடமில்லை.

கடலோரக் கணக்கர்

தங்கை சொன்னது முழுக்கச் சரி. அறுபது பேரைக் கூட்டாண்மையில் சேர்க்கவே முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லாபத்துக்காகத் தொழில் செய்யும், கம்பெனியாகப் பதிவாகாத கூட்டாண்மையில் 50 பேருக்கு மேல் இருப்பது சட்டவிரோதம். தண்டத்தோடு போகாமல், கடனுக்கும் ஒவ்வொருவரும் சொந்தப் பொறுப்பாகிவிடுவார்கள்.

பிரைவேட் கம்பெனியில் 200 பேர் வரை உறுப்பினராகலாம். ஆனால் ஊர்க்கூட்டத்தில் மைக் வைத்தோ, வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தோ ஆள் சேர்க்கக் கூடாது. பொதுமக்களைப் பங்குக்கு அழைப்பது பிரைவேட் கம்பெனிக்குத் தடை செய்யப்பட்ட செயல். யாருக்குக் கொடுப்பது என்று பெயரெழுதி முடிவு செய்து, அவரவர் பெயரில் கடிதம் கொடுத்து, பணத்தை ரொக்கமாக அல்லாமல் வங்கி வழியாகத் தனிக்கணக்கில் வாங்க வேண்டும். வாங்கிய 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். அதுவும் தவறினால் 12 சதவீத வட்டி. "பங்கு வேண்டாம், மாதம் வட்டி கொடுங்கள் போதும்" என்று சிலர் கேட்பார்கள். அது டெபாசிட் ஆகிவிடும், அந்த வாசலைத் திறக்கவே திறக்காதீர்கள். இருபதாயிரம் போட்ட அறுபது பேரும் சட்டப்படி பொதுக்கூட்ட அறிவிப்புப் பெறுவார்கள், கணக்குக் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், அவர்கள் பணம். அதற்கு மனம் தயாராக இருந்தால் சேருங்கள்.

மூத்தவன், தங்கச்சிமடம்

பெரியவர்கள் எல்லோருக்கும் நன்றி. நேற்று வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பிரைவேட் லிமிடெட்தான். ஐஸ் பிளாண்ட் மட்டும் அதற்குள். படகும் கொட்டகையும் வெளியே. பங்கு எனக்கு 30, தம்பிக்கு 30, மாப்பிள்ளைக்கு 40. தம்பிக்கு முதல் மாதத்திலிருந்தே சம்பளம், அதை நடைமுறை விதிகளோடு சேர்த்துத் தனி ஒப்பந்தமாகவும் எழுதிக்கொள்கிறோம். ஊரார் அறுபது பேரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காமல் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று திங்கட்கிழமை வங்கியில் கேட்கப் போகிறோம். பெயருக்கு அப்பாயி பெயரை வைக்கலாம் என்று அம்மா சொல்கிறார். அதற்கு ஏதாவது தடை உண்டா? இனி நான் வரிசையாகச் செய்யவேண்டியது என்ன?

கடலோரக் கணக்கர்

நல்ல பிரிப்பு. உங்கள் இருவருக்கும் சேர்த்து 60 இருப்பதால் அன்றாட முடிவுகள் நிற்காது. மாப்பிள்ளையிடம் 40 இருப்பதால் அவரைக் கேட்காமல் நடைமுறை விதிகளை மாற்றவும் முடியாது. இருவர் இயக்குநராக இருந்தால் போதும், மூவரும் இருக்கலாம். ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியவராக இருக்க வேண்டும். குறைந்தபட்ச மூலதனம் என்று இப்போது எதுவும் இல்லை. முன்பிருந்த ஒரு லட்ச ரூபாய் நிபந்தனை 2015இல் நீக்கப்பட்டது.

பெயர் வேறொரு கம்பெனியின் பெயரோடோ வணிகச் சின்னத்தோடோ ஒத்துப்போகக் கூடாது. அப்பாயி பெயர் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர் என்றால், ஊரையோ தொழிலையோ குறிக்கும் சொல் ஒன்றைச் சேர்த்து இரண்டு பெயர்களாக யோசித்து வையுங்கள். கையெழுத்துக்கு மூவரும் டிஜிட்டல் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் பெயர், பதிவு, இயக்குநர் எண், பான், டான் (வரி பிடித்தம் செய்வோருக்கான எண்) எல்லாம் ஒரே இணைய விண்ணப்பத்தில் முடிந்துவிடுகின்றன. சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்தது என்று பாம்பன் தம்பியைப்போல இருந்துவிடாதீர்கள். பங்குப்பணம் முழுவதும் கம்பெனிக் கணக்கில் வந்துவிட்டது என்ற உறுதிமொழியை 180 நாளுக்குள் தாக்கல் செய்தபிறகே தொழில் தொடங்கலாம், கடனும் வாங்கலாம். முதல் தணிக்கையாளரை 30 நாளுக்குள் நியமிக்க வேண்டும்.

பிளாண்ட் வாசலில் கம்பெனியின் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் எழுதிய பலகை இருக்க வேண்டும். பெயிண்டரிடம் சொல்லும்போது ஆங்கிலத்தில் மட்டும் எழுதச் சொல்லிவிடாதீர்கள். அந்த வட்டாரத்தில் வழங்கும் மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 12ஆம் பிரிவே சொல்கிறது. அப்பாயியின் பெயரைத் தமிழிலேயே பெரிதாக எழுதிக்கொள்ளலாம்.